ஓடையில் ஹாரன் அக்கா

"செருப்புப் போட்டவங்க எல்லாம் கீழ இறங்குங்க. ஷூ போட்டவங்க மட்டும் வண்டியில!"

வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு ஹாரன் அக்கா இப்படி உத்தரவு போட்டால் அன்று ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் அதே கதவருகே நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வண்டி ஓட்டுகிறவர், ஞாயிறு காலையில் சொந்தக் குடும்பத்தை ஏற்றுகிறார். ஏறுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. ஒவ்வொருவரும் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். அக்கா குனிந்து ஷூவின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்.

"டயர் மொட்டை. பாசிப் பாறையில விட்டா நேரா ஆஸ்பத்திரிதான். போய் மாத்திட்டு வாங்க."

இப்படித் திருப்பி அனுப்பப்படுகிறவர் பெரும்பாலும் அவருடைய கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. ஊராரின் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிறவர், தன் காலில் கிடப்பதைக் குனிந்து பார்த்தது கிடையாது. பேசாமல் படியேறிப் போய், பேசாமல் வேறு ஷூவோடு வருவார். "எங்க வீட்டுக்காரர் நியூட்ரல்ல நிக்கிற வண்டி. தள்ளினா நகருவாரு, விட்டா நின்னுடுவாரு" என்பார் அக்கா, அவர் காதுபடவே. அவரும் அது வேறு யாரையோ பற்றிய செய்தி என்பதுபோலத் தலையாட்டுவார்.

அவர்களுக்கு நான் எதிர்வீடு. ஓர் அச்சகத்துக்குப் பிழைதிருத்திக் கொடுத்து வயிறு வளர்ப்பவன். மேசையும் அதன்மேல் குவிந்த புத்தகங்களும் என் வீட்டு வாசலிலிருந்தே தெரியும் என்பதால் அக்கா எனக்கு வைத்த பெயர் 'புத்தகம்'. "புத்தகம்! உக்காந்து உக்காந்து உங்க முதுகு கேள்விக்குறி மாதிரி ஆயிடுச்சு. எழுந்து வாங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினார். மறுக்க வாயெடுத்தேன். அதற்குள் என் தண்ணீர்ப் பாட்டில் அவர் கையில் இருந்தது. அன்றிலிருந்து நானும் அந்த வேனில் ஒரு பயணி.

ஹாரன் என்ற பெயர் வண்டியிலிருந்து வந்ததுதான். ஒரு பருவம் முழுக்க வேனின் ஹாரன் கெட்டுப்போய்க் கிடந்திருக்கிறது. அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பாம்! பாம்! ஓரம், ஓரம்!" என்று வாயாலேயே வழி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பிறகு ஹாரனைச் சரிசெய்தாகிவிட்டது. ஆனால் பழகிய வாய் ஓயவில்லை. வீட்டில் அடுப்படிக்கும் ஹாலுக்கும் இடையே தட்டோடு போகும்போதுகூட ஒரு சின்ன 'பாம்' கேட்கும்.

அந்த வாய்க்கு இன்னொரு குணம் உண்டு. உள்ளே வந்தது உடனே வெளியே போய்விடும். பள்ளி வாசலில் காத்திருக்கும் ஒரு தகப்பனாரிடம், "உங்க பையன் காலையில வெறும் வயித்தோட வர்றான். அந்த ஃபோனைக் கீழ வச்சுட்டு ஒரு முட்டை அவிச்சுக் குடுங்க" என்று பத்துப் பேர் நடுவே சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பையன் சாப்பிட்டுவிட்டு வந்தான். இதனால் அக்காவுக்குத் தன் வாய்மீது அசைக்க முடியாத நம்பிக்கை. "மனசுக்குள்ள வச்சுக்க எனக்கு எடமே இல்லீங்க. எல்லாமே வாயிலதான் பார்க்கிங்."

பூங்காவை அவர் கண்டுபிடித்ததுகூட ஒரு தப்பான திருப்பத்தில்தான். சாலை வேலை நடந்ததால் வேறு வழியில் வண்டியை விட்டு, கிடங்குகள் வரிசையாக நிற்கும் தெருவின் முடிவுக்கு வந்துவிட்டார். அங்கே ஒரு மரக் கதவு, ஒரு பெயர்ப்பலகை, பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன மலை. மலை என்று சொன்னால் மலைகள் கோபித்துக்கொள்ளும். மேடு என்றால் அக்கா கோபித்துக்கொள்வார். அதைச் சுற்றி ஒற்றையடிப் பாதை ஏறி இறங்குகிறது. இறங்குகிற இடத்தில் ஓடை. முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். பாறைகளுக்கு நடுவே தேங்கிய இடத்தில் மட்டும் இடுப்பளவு. வாரம் முழுக்க ஒரே சீட்டில் மடங்கிக் கிடக்கும் கால்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த வாரமே குடும்பத்தை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

ஓடையில் அக்கா விளையாடுவதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளை விளையாடவிட்டுக் கரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிற அம்மா இல்லை அவர். பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு முதல் ஆளாக இறங்குவார். அணை கட்டுவதில் வெறி. அகப்பட்ட பெரிய பெரிய கற்களைத் தூக்கி வந்து தொப்பென்று போட்டு, "முடிஞ்சது! யாராவது திறப்பு விழா நடத்துங்க!" என்பார். தண்ணீர் கல்லிடுக்குகளில் சிரித்துக்கொண்டே ஓடிவிடும். பிறகு கணவர் வந்து, லென்ஸ் தேய்க்கிற அதே பொறுமையோடு, இடுக்கு இடுக்காகக் களிமண்ணும் பாசியும் வைத்து அடைப்பார். சின்னவன் — இரண்டாம் வகுப்பு. வீட்டில் வாலு என்றே பெயர் — அந்த அணையின்மேல் ஏறி நின்று அதை உடைப்பான். மூத்தவள் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு பாறைமீது படுத்திருப்பாள். பாட்டு ஓடாத நேரத்திலும் அவள் அதைக் கழற்றுவதில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், மழைக்காலத் தொடக்கத்தில், அக்காவின் நாத்தனார் ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். கணவரின் தங்கை. வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். திருமணம் முறிந்துவிட்டது; வேலையையும் விட்டுவிட்டார். பிள்ளைகளின் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அவர் உள்ளே போனார், திரைச்சீலையை இழுத்துவிட்டார், அவ்வளவுதான். மழை நின்று வெயில் வந்த பிறகும் அந்தத் திரை விலகவில்லை. அண்ணன்காரர் தினமும் வேலைக்குப் போகுமுன் அந்தக் கதவின் வெளியே கொஞ்ச நேரம் நிற்பார். தட்டுவதற்குக் கையைத் தூக்குவார். பிறகு அந்தக் கையாலேயே தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிவிடுவார்.

"நாத்தனாரும் அண்ணியும்னா கீரியும் பாம்பும்னு ஊர்ல ஒரு பேச்சு. எனக்கு அந்தப் பகையை வளர்க்கவெல்லாம் நேரமில்லீங்க. விடிஞ்சா வண்டி எடுக்கணும்" என்று படிக்கட்டில் வைத்து அக்கா என்னிடம் சொன்னார். "யார் மேல தப்புன்னு நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. சாப்பிட்டியான்னு மட்டும் கேக்கறேன். அதுக்கும் தலையை மட்டும் ஆட்டறா. ஆமாம்னு ஆட்டறாளா இல்லைன்னு ஆட்டறாளா, அதுகூடப் புரியல."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "கூட்டிட்டுப் போயிடறேன் பாருங்க, பூங்காவுக்கு. என்ன ஆனாலும் சரி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவை அவர் தட்டிய சத்தம் என் வீட்டுக் கண்ணாடி டம்ளரில் கேட்டது. "என் பழைய ஷூ வாசல்ல வச்சிருக்கேன். உனக்கும் எனக்கும் ஒரே அளவுதான். வண்டி கிளம்புது!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். வேனில் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தோம். யாரும் எதிர்பார்க்கவில்லை. நாத்தனார் படியிறங்கி வந்தார். மெலிந்த உடம்பு, வெளிச்சத்துக்குக் கூசுகிற கண்கள், காலில் அக்காவின் பழைய ஷூ. அண்ணன்காரர் அவசரமாக நகர்ந்து ஜன்னலோரத்தைக் காலி செய்தார். அன்றைக்கு யார் டயரும் சோதிக்கப்படவில்லை.

பாதையில் அக்கா முன்னால் போவார். அவருக்குப் பின்னால் வாலு, பிறகு மூத்தவள், பிறகு நான். அன்று அண்ணனும் தங்கையும் கடைசியில் வந்தார்கள். முதல் ஏற்றத்தில் நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது ஏற்றத்தில் அவர் நின்று, பாதையோரச் செடி ஒன்றின் இலையைக் கசக்கி முகர்ந்தார். "இருமல் மருந்து வாசனை" என்றார், யாருக்கும் சொல்லாததுபோல. வாலு திரும்பி ஓடிவந்து அதே இலையைப் பிடுங்கி மூக்கில் திணித்துக்கொண்டு, "ஆமாம் அத்தை! கசக்கிற மருந்து!" என்றான். அவர் அவன் மூக்கிலிருந்து அதை எடுத்துவிட்டார். பெரிய விஷயமில்லை. ஆனால் அண்ணன்காரர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னால் போய்க்கொண்டிருந்த அக்கா இதையெல்லாம் பார்க்கவில்லை.

உச்சியில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கே அக்காவின் வேனில் வருகிற இரட்டைப் பிள்ளைகளின் அம்மா குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பார்த்ததும் பேச்சு தொடங்கிவிட்டது. பள்ளி, மழை, சாலை, பிள்ளைகளின் சளி.

"இவங்க யாருக்கா? புதுசா இருக்காங்களே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எங்க நாத்தனார்! இவரோட தங்கச்சி" என்றார் அக்கா. குரலில் பெருமைதான். "புருஷன்கூட சரிப்பட்டு வரல, இங்க வந்துட்டா. வந்ததுலேருந்து ரூமைப் பூட்டிக்கிட்டு ஒரே மூலையில முடங்கிக் கெடந்தா. பார்த்தேன்... இது சரிப்படாதுன்னு இன்னைக்கு நான்தான் இழுத்துட்டு வந்துட்டேன்!"

"அய்யோ, பாவம்" என்றார் அந்த அம்மா. அவருடைய கணவர் நாத்தனாரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அவருடைய மாமியார் இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

நாத்தனார் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை. அவிழ்த்துவிட்டுக் கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

அக்கா பேச்சை முடித்துக்கொண்டு, "பாம், பாம்! ஓடைக்கு!" என்று இறக்கத்தில் பாய்ந்தார். பிள்ளைகளும் நானும் அவர் பின்னால் ஓடினோம். கீழே போய்ச் சேர்ந்ததும் தண்ணீரில் இறங்கிவிட்டார். முதல் கல்லைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கணவர் தனியாக இறங்கி வருவதைப் பார்த்தார்.

"எங்கங்க அவ?"

"உங்ககூட முன்னால வரலையா? லேஸ் கட்டிட்டு வர்றேன், நீ போண்ணான்னு சொன்னா. கொஞ்ச தூரம் வந்து நின்னு பார்த்தேன். வரல. குறுக்குவழியில உங்ககிட்ட வந்திருப்பான்னு நெனச்சேன்."

அக்காவின் கையிலிருந்த கல் தண்ணீரில் விழுந்தது. உச்சியிலிருந்து இறங்கும் பாதை நடுவில் இரண்டாகப் பிரியும். ஒன்று ஓடைக்கு. மற்றொன்று பூங்காவின் பின்வாசலுக்கு. அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை, பஸ் நிறுத்தம். நாத்தனார் ஃபோன் வைத்துக்கொள்வதை விட்டே வெகுநாளாகிவிட்டது. அக்கா கரையேறி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"கத்தாதே" என்றார் கணவர்.

அந்த மனிதர் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டார்.

"நீ கத்தினா அவ இன்னும் தள்ளித்தான் போவா."

"தொலைஞ்சு கிலைஞ்சு போயிட்டா என்னங்க பண்றது? அவளுக்கு இந்த வழி தெரியுமா, எடம் தெரியுமா?"

மூத்தவள் காதிலிருந்து இயர்ஃபோனைக் கழற்றினாள். "அம்மா, அத்தை தொலைஞ்சு போகல. நீ அந்த ஆன்ட்டிகிட்ட சொன்னதைக் கேட்டுட்டுத்தான் போயிட்டாங்க."

"நான் என்னடி சொன்னேன்? உள்ளதைத்தானே..."

வாக்கியம் பாதியில் நின்றது. அக்கா தொடங்கிய வாக்கியம் ஒன்று முடியாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். மகளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். கணவர் வாலுவின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அக்காவின் முகம் சிவந்து, பிறகு சிவப்பு வடிந்தது.

"புள்ளைங்களோட இங்கயே இருங்க. அவ வந்தா எங்கயும் விடாதீங்க... இல்ல, ஒண்ணும் சொல்லாதீங்க. சும்மா இருங்க" என்றார். "புத்தகம், நீங்க வாங்க."

பாதை பிரியும் இடத்துக்கு ஏறிப் போனோம். கத்தாமல் தேடுவது எவ்வளவு கடினமென்று அவர் தோள்களைப் பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு உள்ளே போகும், உதடு திறக்கும், கையால் வாயைப் பொத்திக்கொள்வார். பின்வாசல் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தோம். எதிரே வந்த பூங்காக் காவலரிடம், "ஒருத்தங்க தனியா இந்தப் பக்கம் வந்தாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். காவலர் பார்க்கவில்லை என்றார். "காணாமப் போயிட்டாங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டபோது அக்கா, "இல்லீங்க, கொஞ்சம் முன்னால போயிருக்காங்க" என்றார். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் சொன்னார்.

திரும்பி வரும்போது, பாதை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஈர மண்ணைப் பார்த்துச் சட்டென்று உட்கார்ந்தார். புதர்களுக்கு நடுவே ஓடையின் கீழ்ப்பக்கம் இறங்கும் ஒரு தடம். அதில் ஒரு ஷூவின் அச்சு.

"என் ஷூ" என்று கிசுகிசுத்தார். "வெளி ஓரம் மட்டும் தேய்ஞ்சிருக்கு பாருங்க. க்ளட்ச் மிதிச்சு மிதிச்சுத் தேய்ஞ்சது. ரோட்டுக்குப் போகல அவ. தண்ணிக்குத்தான் போயிருக்கா."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொள்ளவில்லை, அதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டார். சரிவில் களிமண். ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வாங்க, இங்க வழு..." என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தவர் அந்தச் சொல்லை முடிக்குமுன் என் கண்ணிலிருந்து மறைந்தார். கீழே பெரிய சத்தம். பாறைகளுக்கு நடுவே தேங்கிய அந்த இடுப்பளவுத் தண்ணீரில் அக்கா முழுசாக உட்கார்ந்திருந்தார். தலைமுடியிலிருந்து பாசி தொங்கியது. அவர் காலிலிருந்து கழன்ற ஒரு ஷூ தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த ஷூவை ஒரு கை எடுத்தது. அடுத்த பாறையின் பின்னால், காலைத் தண்ணீரில் விட்டபடி நாத்தனார் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். அக்காவைப் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார். முடியவில்லை. சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஷூவையும் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார். நான் சரிவிலேயே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இறங்கிப் போவது முறையில்லை என்று பட்டது.

அக்கா எழுந்திருக்கவில்லை. தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டு, "சிரி, நல்லா சிரி" என்றார். பிறகு, "நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்" என்றார்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. நாத்தனார் ஷூவுக்குள் இருந்த தண்ணீரைக் கொட்டினார்.

"அண்ணி, அவங்க என்னைப் பத்தி என்ன நெனச்சா எனக்கென்ன. போறாங்க. அதுக்காக நான் வரல இங்க."

"பின்ன?"

"இழுத்துட்டு வந்தேன்னு சொன்னீங்க." ஷூவை மடியில் வைத்துக்கொண்டார். "காலையில நீங்க குரல் குடுத்துட்டுப் போயிட்டீங்க. நான் எவ்வளவு நேரம் கட்டில்ல உக்காந்து அந்த ஷூவைப் பத்தியே யோசிச்சேன் தெரியுமா? கதவைத் திறந்து, படியெறங்கி... யாரும் என்னை இழுக்கல அண்ணி. நான் நடந்துதான் வந்தேன். இத்தனை மாசத்துல நானா செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு கைகளையும் தண்ணீரில் ஊன்றிக்கொண்டிருந்தார். பதில் தேடுகிறார் என்று நினைத்தேன். தேடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாம்" என்றார் கடைசியில். "நீதான் நடந்து வந்த. அந்தப் பொம்பளை முன்னாடி நான் பெரிய ஆளா காட்டிக்கிட்டேன். தப்புதான்." எழுந்து நின்றார். உடம்பிலிருந்து தண்ணீர் அருவியாக ஊற்றியது. "வா, போகலாம். உங்கண்ணன் அங்க..."

"நான் கொஞ்ச நேரம் இங்க இருக்கேன். நீங்க போங்க."

அக்கா தயங்கினார். விட்டுவிட்டுப் போகச் சொன்னால் போகிற ஜாதி இல்லை அவர். காய்ச்சலில் படுத்திருந்த நான் வேண்டாமென்று சொல்லியும் கஞ்சியோடு மூன்று வேளை வந்து நின்றவர். ஒரு கை நாத்தனாரின் தோளை நோக்கி நீண்டது. பாதி வழியில் அந்தக் கை திரும்பி, தன் ஷூவை வாங்கிக்கொண்டது.

"சரி. நாங்க மேல, அணை கட்டற எடத்துல இருப்போம்" என்றார். சரிவில் ஏறி என் பக்கத்தில் வந்தவர், ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு நடந்தார். ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம் போட்டது. போகும் வழியில், "சரியா செஞ்சேனா புத்தகம்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல், "செஞ்சாச்சு" என்று தானே சொல்லிக்கொண்டார்.

கணவரிடம், "கீழ உக்காந்திருக்கா. வருவா" என்றார். அவர் தலையாட்டினார். அக்கா தலையிலிருந்த பாசியை அவர் எடுத்துவிட்டார். பிறகு எல்லாருமாக அணை கட்டினோம். ரொட்டியும் முட்டையும் பிரிக்கப்பட்டன. ஒரு பங்கு மட்டும் மூடியே இருந்தது. அக்கா கல்லைத் தூக்குவார், கீழ்ப்பக்கம் பார்ப்பார், கல்லைப் போடுவார். அன்று அவர் போட்ட கற்கள் ஒன்றுகூட ஒழுங்கான இடத்தில் விழவில்லை.

வாலுதான் முதலில் பார்த்தான். "அத்தை தண்ணிக்குள்ளயே வர்றாங்க!"

பாதை வழியாக வரவில்லை. ஓடையின் நடுவிலேயே, நீரோட்டத்துக்கு எதிராக, ஷூ இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு, கல் கல்லாகக் கால் வைத்து நாத்தனார் வந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் தடுமாறினார். அக்காவின் உடம்பு முன்னால் பாய்ந்தது, கால் நகரவில்லை. நாத்தனார் ஒரு கிளையைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அணையைப் பார்த்தார். "இதுல தண்ணி நிக்குமா?" என்றார்.

"நிக்காது" என்றார் அண்ணன்காரர்.

நாத்தனார் கரையிலிருந்து கைப்பிடி சருகை அள்ளி, களிமண்ணோடு பிசைந்து, இடுக்குகளில் அழுத்தினார். மருந்துக்கடையில் மாத்திரைப் பொட்டலம் மடித்துப் பழகிய கைகள். வேகமாக வேலை செய்தன. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். தண்ணீர் மெல்ல மெல்ல உயர்ந்து வாலுவின் முட்டியைத் தொட்டது. அவன் உடைக்கவில்லை. உடைக்காமல் நின்றதே அவனுக்குப் பெரிய விளையாட்டாகிவிட்டது. மூத்தவள் பாறையிலிருந்து இறங்கி வந்து, யாரும் கேட்காமலே, தானும் ஒரு கல்லை வைத்தாள்.

திரும்பும்போது வாசலில் மறுபடி அந்த இரட்டைப் பிள்ளைகளின் அம்மா. நனைந்து உலர்ந்து மறுபடி நனைந்திருந்த அக்காவை ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்க நாத்தனாருக்கு இப்பப் பரவாயில்லையாக்கா? பாவம், பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு" என்றார்.

அக்காவின் வாய் திறந்தது. கணவர் வானத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இதோ, பக்கத்துலதான் நிக்கறா" என்றார் அக்கா. "அவளையே கேளுங்க."

அந்த அம்மா கொஞ்சம் தடுமாறிப்போய் நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்கேன்" என்றார் நாத்தனார். "தண்ணிதான் ஜில்லுனு இருக்கு. அடுத்த தடவை நீங்களும் எறங்குங்க."

வேனில் அவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அண்ணன்காரர் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வாலு அவர் மடியில் தூங்கிவிட்டான். கிடங்குத் தெருவைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தோம். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா, களைப்பா என்று கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இல்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

சிக்னலில் வண்டி நின்றது. சாய்ந்த வெயில் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே உள்ளே வந்து முன்சீட்டில் விழுந்தது. நாத்தனார் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூடிய இமைகள் வெளிச்சத்தில் சுருங்கின. அக்கா அதைப் பார்த்தார். மேலே மடக்கியிருந்த வெயில் மறைப்பைச் சத்தம் வராமல் இறக்கிப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். வெயில் அதற்கும் கீழே வந்தது. இருக்கையிலிருந்து கொஞ்சம் எக்கி, ஒரு கையை நீட்டி, விரல்களை நெருக்கிச் சேர்த்து, அந்த முகத்துக்கும் வெயிலுக்கும் நடுவே உள்ளங்கையை விரித்தபடி, விளக்கு மாறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.